பட்டாத்தான் அக்கா

நன்றாக ஓடுகிற மோட்டாரை வேண்டுமென்றே ஓடவிடாமல் வைத்து, அதற்கு ஒரு தத்துவமும் சொன்ன பெண்மணி இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிவகாசியில் எங்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாக இருந்தார். இன்னொருவர் எங்காவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். அந்த ஹாஸ்டல் பெண்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்களை அனுப்பிவைக்கிறேன்.

மிஸ்டு கால் கொடுத்தே மனிதர்கள் குடும்பம் நடத்திய காலம் அது. மின்வெட்டு அப்போதுதான் வீட்டுக்கு வீடு ஓர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தது. நான் அருப்புக்கோட்டையிலிருந்து பட்டமும் பெட்டியுமாகச் சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலையில் சேர்ந்தேன். அச்சகத்தின் முதலாளியே வெளியூர்ப் பெண்கள் தங்குவதற்கு ஒரு ஹாஸ்டலும் நடத்தினார். பகலில் அவருடைய கூரை, பொழுது சாய்ந்தால் அவருடைய இன்னொரு கூரை.

முதல் நாள் மாடியேறிக் குளியலறைக் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. கீழே இறங்கிப் போய், மோட்டார் ரிப்பேரா என்று வார்டனிடம் கேட்டேன். நெட்டையாக, ஒல்லியாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எந்நேரமும் ஈரக் கையோடு நிற்கிற பெண்மணி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மோட்டாருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் இன்னும் இடுப்பு பளகல."

சொல்லிவிட்டு ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் கீழே தொட்டியில் மோந்து மாடிக்குச் சுமந்துதான் குளிக்க வேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "பட்டாத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை அவர் ஒருபோதும் முடித்ததில்லை. பட்டாத்தான் தெரியும் என்பதா, பட்டாத்தான் புத்தி வரும் என்பதா, பட்டாத்தான் மோட்டார் போடுவேன் என்பதா? இதைப் பற்றி ஹாஸ்டலில் இரண்டு மூன்று கட்சிகள் இருந்தன. பட்டாசு செய்கிற ஊரில் பட்டாத்தான் அக்கா என்ற பெயர் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருத்தி துணிந்து கேட்டே விட்டாள். அதற்கும் அதே பதில்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை என்றால் உப்பில்லாச் சமையல். விரதம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அக்காவுக்குச் சாமியோடு அப்படியொரு கொடுக்கல் வாங்கல் கிடையாது. உப்பு இல்லாமலும் சோறு தொண்டையில் இறங்கும் என்று பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்த்த ஒருத்தி துணி அலமாரியில் மாவடு பாட்டிலை மறைத்து வைத்திருந்தாள். அக்கா கண்டுபிடித்துவிட்டார். பறிமுதல் செய்வார், பாட்டிலை உடைப்பார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் அதைச் சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டுவந்து, எங்கள் கண் முன்னாலேயே தன் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு, ருசி பார்த்துத் தலையாட்டிச் சாப்பிட்டு முடித்தார். அவருக்கு ஏற்கெனவே இடுப்பு பழகியிருந்ததாம்.

என் பிரச்சினை இதைவிடப் பெரியது. அச்சகத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை தினசரிக் காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் பஞ்சாங்கக்காரர் கொடுத்துவிடுவார். தாளின் அடியில் ஒரு வரி காலியாகக் கிடக்கும். அதை நிரப்புவது என் பொறுப்பு. முதலாளிக்கு அங்கே கஷ்டத்தைப் பற்றி எழுதினால்தான் பிடிக்கும். துன்பம் ஓர் உளி, தோல்வி ஒரு படிக்கட்டு, கண்ணீர் ஓர் உரம் என்கிற ரகம். வருடத்தில் ஒரு நாள்கூடத் தப்பாமல் மக்கள் கஷ்டத்திலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. நானும் கம்ப்யூட்டருக்காகப் போட்டிருந்த ஏ.சி.யின் அடியில் உட்கார்ந்து, கையில் டீயோடு, ஊரில் உள்ளவர்களையெல்லாம் நெருப்பில் குதித்துத் தங்கமாகி வரச் சொல்லி டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலண்டர்தான் ஹாஸ்டல் ஹாலிலும் தொங்கியது. காலையில் நாங்கள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அக்கா அன்றைய தாளைக் கிழித்து, அடிவரியை எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். பிறகு எழுதிய குற்றவாளியைத் தேடுவார். உளி வரி வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"செதுக்கும்னு போட்டுருக்க. செதுக்குனா செதிலு விழும்ல. அதை யாரு கூட்டுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவர்களிடம் துடைப்பத்தைக் கொடுப்பது அவர் வழக்கம். அன்று ஹாலை நான் கூட்டினேன்.

சரி, இந்த அம்மாவும் கஷ்டம்தான் மனிதனை வளர்க்கும் என்கிற கட்சிதானே, பிறகு ஏன் என் வரிகளோடு மல்லுக்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அது கொஞ்சம் புரிய ஆரம்பித்தது என் அறைத்தோழிக்குக் காதல் தோல்வி வந்தபோது. அவள் சாப்பிடாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் என் காலண்டர் இருப்பிலிருந்து நல்ல வரிகளாகப் பொறுக்கி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் அழுகை ஒரு படி கூடியது. அக்கா வந்து பார்த்தார். அவளை எழுப்பி, கையில் தேங்காய் நாரைக் கொடுத்து, கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். வருடக்கணக்கில் பாசி படிந்த தொட்டி. அவள் உள்ளே நின்று அழுதுகொண்டே தேய்த்தாள். தொட்டிக்குள்ளிருந்து வந்ததால் அழுகை எதிரொலியோடு தெருவரைக்கும் கேட்டது. பொழுது சாயும்போது மேலே ஏறி வந்தாள். மனசு லேசாயிற்றா என்று அக்கா கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆகாது. ஆனா தொட்டி சுத்தமாச்சுல்ல."

இதைக் கேட்ட எரிச்சலில் நான் இறங்கிப் போய் நேராகவே கேட்டுவிட்டேன். இப்படியெல்லாம் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறீர்களே, இதனால் எங்களுக்கு நல்லது நடக்கும் என்றாவது நம்புகிறீர்களா என்று. அவர் அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கஷ்டப்பட்டா நல்லது நடக்கும்னு யாரு சொன்னா? கஷ்டப்பட்டா, கஷ்டப்படத் தெரியும். அம்புட்டுதான்."

எனக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. மறுநாள் அதையே ஒரு தாளின் அடியில் போட்டு முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இந்தக் காலண்டரை யாராவது காசு கொடுத்து வாங்கி மாட்டுவார்களா என்று என்னைக் கேட்டார். அடித்துவிட்டுப் படிக்கட்டு வரியைப் போட்டேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. எங்கள் வளர்ச்சியில் அவருக்கு நிஜமாகவே அக்கறை உண்டு. அந்த அக்கறையில் ஒரு கோடை விடுமுறை நாளில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை ஹாஸ்டலுக்கு அழைத்து வந்தார். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த மனிதர். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கி ஹாலுக்குள் வருவதற்குள்ளேயே கைக்குட்டை நனைந்துவிட்டது. தான் பட்டினி கிடந்தது, செருப்பில்லாமல் நடந்தது, தெருவிளக்கில் படித்தது எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளியும் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நம்மை வளர்த்த ஒவ்வொரு கஷ்டத்துக்கும் மனதுக்குள் நன்றி சொல்லச் சொன்னார்.

நாங்கள் கண்ணை மூடியதும் கரண்டு போனது.

ஹாலில் இருந்த மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. பிறகு பேச்சாளர் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அக்கா எழுந்து போகவில்லை. கோட்டைக் கழற்றலாமா கூடாதா என்ற குழப்பத்தில் அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"நன்றி சொல்லுங்க தம்பி. இப்பத்தான வந்துருக்கு."

பேச்சாளர் சொல்லவில்லை. அடுத்த ஊரில் ஒரு கூட்டம் இருப்பது அவருக்குத் திடீரென ஞாபகம் வந்தது. அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் அக்கா போய் ஜெனரேட்டரைப் போட்டார். முதலாளி அவரோடு பேசாமல் கொஞ்ச நாள் இருந்தார். அந்த நாட்களில் அக்காவின் உற்சாகம் கூடியிருந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்களோடு முத்துச்செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். எம். புதுப்பட்டிக்காரி. எங்கள் அச்சகத்திலேயே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு, தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தார். அப்பா இல்லை. மகள் பட்டாசுப் பக்கமே வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அம்மா அவளை ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். எங்களுக்கு விடுமுறை நாள். ஆலைகளுக்குச் சீசனில் விடுமுறை ஏது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்பது அதிசயமில்லை. எங்காவது ஒரு மூலையில் எதையாவது வெடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் சில சத்தம் கேட்டதும் தெரு முழுக்கப் பேச்சு நின்றுவிடும். அது அப்படிப்பட்ட சத்தம். மொட்டை மாடிக்கு ஓடினோம். மேற்கே புகை எழும்பியிருந்தது. செல்வி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோற்றுக் கையோடு நின்றாள்.

அக்கா அவள் கையைக் கழுவிவிட்டு, பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அந்தப் பக்கம் போன ஒரு லோடு வண்டியை மறித்து இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் அக்கா மட்டும் திரும்பி வந்தார். பேச்சியம்மாள் உயிரோடு இருந்தார். வலது கை, தோள், விலாப்பக்கம் எல்லாம் வெந்துபோய் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆலையில் பக்கத்து அறையில் வேலை பார்த்த இரண்டு பேர் உயிரோடு இல்லை. இதைச் சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனார். அன்று மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை.

சில வாரம் கழித்துச் செல்வி தன் சாமான்களை எடுத்துப் போக ஹாஸ்டலுக்கு வந்தாள். அன்றைக்கே முதலாளியும் அந்த ஆலையின் மேனேஜரும் அவளைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் முதலாளிக்குச் சொந்தக்காரர். தன்மையாகத்தான் பேசினார். வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். சீசன் முடியவில்லை, ஆர்டர் நிற்கிறது, அம்மாவின் இடம் காலியாக இருக்கிறது, செல்வி வந்து உட்கார்ந்தால் அவளுக்கும் ஆதரவு, கம்பெனிக்கும் உதவி என்றார். பழகிவிட்டால் பயம் போய்விடும் என்றும் சொன்னார். செல்வி தலையைக் குனிந்தபடி, சரி என்பதுபோல அசைத்தாள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்ததே அதற்காகத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

முதலாளிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். சுவரில் தொங்கிய காலண்டர் கண்ணில் பட்டது. "கஷ்டந்தாம்மா மனுசன வளக்கும். நம்ம காலண்டர்லயே போட்டுருக்கோமே" என்றார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, நான் இந்தப் புள்ளைகள வாளி தூக்க வைக்கேன், உப்பில்லாம சோறு போடுதேன். அது கஷ்டம். பொளுது சாஞ்சா முடிஞ்சுபோகும். இவ ஆத்தாளுக்கு நடந்தது அது இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேர வைக்காதீக."

மேனேஜர் குறுக்கிட்டார். நாங்கள் எல்லோரும் இந்தத் தொழிலில் இப்படி அடிபட்டு வளர்ந்தவர்கள்தான் என்றார்.

"வளந்தவுக இங்கன உக்காந்து பேசுறீக. வளராமப் போனவுக எங்கன வந்து பேசுவாக?"

மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. யார் சம்பளத்தில் இருந்துகொண்டு யாரிடம் பேசுகிறோம் என்று யோசித்துப் பேச வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா யோசித்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், செல்வி வழக்கம்போல அச்சக வேலைக்குப் போய்ப் பரீட்சையும் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

செல்வி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா பக்கத்தில் மகள்தான் இருக்க வேண்டும் என்று அழுதாள். அக்கா அவள் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டே பேசினார்.

"நீ பக்கத்துல இருந்தேன்னா ஒங்காத்தா ஒனக்காக வலிய மறைப்பா தாயி. எங்கிட்ட மறைக்க மாட்டா."

அன்றைக்கே மதுரை பஸ் ஏறிவிட்டார். அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் எந்த உறவும் கிடையாது. மகளைச் சேர்க்க வந்த நாளில் பார்த்ததுதான் பழக்கம்.

மேஜை மேல் கிடந்த சாவியை முதலாளி எடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். நான் நின்றேன். அப்படித்தான் அந்த ஹாஸ்டலின் வார்டன் பதவி எனக்கு வந்தது.

என் ஆட்சியில் மக்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். பொழுதுக்கும் மோட்டார் ஓடியது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் போகிறவர்களையும் குளிப்பாட்டியது. எல்லா நாளும் உப்பு போட்டோம். சில நாள் நானும் போட்டு, தற்காலிகமாக வந்த சமையல்கார அம்மாவும் போட்டார். அறைத்தோழி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, நாட்டுக்கு விடுதலை கிடைத்ததுபோல் இருக்கிறது என்றாள். அந்த விடுதலை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போர்க்குழாய் தண்ணீருக்குப் பதிலாகச் சேற்றைக் கக்கி, பிறகு காற்றைக் கக்கி, பிறகு எதையும் கக்காமல் நின்றது. அடுத்த தெரு அடிபம்பிலிருந்து பழையவர்கள் புதியவர்கள் என்ற பேதமில்லாமல் எல்லோரும் வாளி சுமந்தோம். முதலாளி வேறு வார்டன் தேடினார். ஒருவர் வந்து ஹாலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

செல்வியோடு நான் ஒருமுறை மதுரைக்குப் போனேன். வார்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. பேச்சியம்மாளுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வி உள்ளே போக முடியாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த யாரோ ஒரு பெரியவர், பொறுத்துக்கோம்மா, தைரியமாக இரு, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டாத்தான் அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பேச்சியம்மாளின் நல்ல கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"எதுக்கு மதினி பல்லக் கடிக்கீக. வலிக்கத்தான் செய்யும். கத்துங்க. வெக்கமா இருந்தா நானும் கூடக் கத்துறேன்."

சொன்னபடியே கத்தவும் செய்தார். பேச்சியம்மாள் முதலில் திகைத்தார். பிறகு அவரும் கத்தினார். கட்டு மாற்றி முடிகிறவரை இரண்டு பெண்களும் சேர்ந்து அந்த வார்டே அதிரும்படி கத்தினார்கள். நர்ஸ் வந்து, நோயாளி கத்துகிறார் சரி, உங்களுக்கு என்ன கேடு என்று அக்காவைத் திட்டினார். கட்டெல்லாம் மாற்றி எல்லோரும் போன பிறகு பேச்சியம்மாள் அந்த நர்ஸின் முகத்தை நினைத்துச் சிரித்தார். சிரித்தால் விலா இழுத்து வலித்தது. வலித்தாலும் சிரித்தார். வாசலில் இருந்த செல்வி அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எழுந்து உள்ளே வந்தாள்.

கஷ்டம் பேச்சியம்மாளை வளர்த்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வலது கை பிறகு முழுதாக மடங்கவே இல்லை. விரல்கள் ஒட்டினாற்போல நின்றுவிட்டன. அதற்கு ஈடாக அவருக்கு ஞானமோ நிதானமோ எதுவும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. முன்னைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோபத்தை அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

தை பிறந்த பிறகு முதலாளி தன் காரையே மதுரைக்கு அனுப்பினார். எங்கள் நலன் கருதி என்று சொல்லிக்கொண்டார். போர் வற்றியதிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரிக்காரருக்குப் பதில் சொல்லி மாளாமல் என்பது என் கருத்து. அக்கா இறங்கினார். கூடவே பேச்சியம்மாளும் இறங்கினார். இனிமேல் இவர்தான் ஹாஸ்டலுக்குச் சமையல் என்று அக்கா அறிவித்தார். ஒரு கை விளங்காத அம்மாள் எப்படிச் சமைப்பார் என்று முதலாளி கேட்டதற்கு, வாய் விளங்குகிறதே என்று பதில் வந்தது. முதலாளி சாவிக்கொத்தை என்னிடமிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வருடக் காலண்டரின் அடிவரியில் கஷ்டம் வேண்டாம், சமையல் குறிப்பு போடலாம் என்றார். அந்த வருடம் எங்கள் காலண்டர் நன்றாக விற்றது. வாழைப்பூவைக் கறுக்காமல் நறுக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் தமிழர்கள் இத்தனை காலம் காத்திருந்தார்கள் போல.

பேச்சியம்மாள் நிஜமாகவே வாயால்தான் சமைத்தார். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, புளி போதாது, தீயைக் குறை, கண்ணு எங்க இருக்கு என்று உத்தரவு போடுவார். உலகத்துக்கே கஷ்டம் கொடுத்த பட்டாத்தான் அக்கா, சரி மதினி, சரி மதினி என்று கரண்டியோடு ஓடுவார். முதல் செவ்வாய்க்கிழமை உப்பு டப்பாவை அக்கா மேலே தூக்கி வைத்தபோது பேச்சியம்மாள் அதை இறக்கச் சொன்னார். தத்துவத்தை அக்கா விளக்க ஆரம்பித்தார். பேச்சியம்மாள் முழுதாகக் கேட்கவில்லை.

"நான் பட்டதே இந்த வீட்டுக்கெல்லாம் காணும். நீ உப்பப் போடு."

அக்கா போட்டார். அந்த ஹாஸ்டலின் சரித்திரத்தில் அவர் வாதத்தில் தோற்றது அன்று ஒருநாள்தான்.

செல்வி பட்டம் வாங்கினாள். அரசுத் தேர்வு எழுதினாள், தவறினாள், மறுபடி எழுதினாள். சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஹாஸ்டலுக்கு மிட்டாயோடு வந்தாள். கஷ்டப்பட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று யாரோ சொல்ல, படிச்சதுக்குக் கிடைச்சதுன்னு சொல்லு என்று அக்கா திருத்தினார்.

நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். காலண்டரை விட்டுப் பத்திரிகைக்கு வந்து, இப்படி ஊர்க்கதை எழுதிப் பிழைக்கிறேன். சில வருடம் அக்காவோடு தொடர்பே இல்லாமல் போயிற்று. எப்போதாவது செல்வி போனில் சொல்லுகிற சேதிதான்.

ஒரு மாசி மாதத்தில் என் அப்பா இறந்துபோனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அருப்புக்கோட்டை வீடு நிறைய மனிதர்கள். வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதாவது ஒன்று சொன்னார்கள். கிடந்து அழுந்தாமல் போனாரே, அது பாக்கியம் என்றார்கள். இனிமேல்தான் நீ பொறுப்பாக இருக்கக் கற்றுக்கொள்வாய் என்றார்கள். இந்த மாதிரி நேரம்தான் நம்மைப் பக்குவப்படுத்தும் என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு அழுகையே வரவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை. நான் தைரியசாலி என்று உறவினர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்தார். செல்வி சொல்லித் தெரிந்திருக்கிறது. தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக எங்கள் அடுப்படிக்குள் போய், ஒரு தட்டில் ரசம் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பா போனதுல ஒனக்கு ஒரு நல்லதும் கெடையாது தாயி" என்றார். "வாயத் தொற."

ஒரு வாய் வாங்கினேன். இரண்டாவது வாய்க்கு முன்னால் எனக்கு உடைந்துவிட்டது. வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் அழுது ஓய்கிறவரை சோற்றுக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, மறு கையால் என் தலையைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார்.